அத்தியாயம் 9: கடல் கடந்து வரும் பிராசஸர்

கட்டடக்கலை படிக்கும் மாணவர் ஒருவர் மூன்று மாதம் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் கோர் ஐ9 பிராசஸர் வாங்கினார். இங்கே கேட்கும் விலையில் ஏறக்குறையப் பாதி. பார்சல் பத்திரமாக வந்துவிட்டது. பிறகு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, போர்டு புதுசு, ராம் புதுசு, எஸ்.எம்.பி.எஸ். புதுசு. ஃபேன் சுத்துது. டிஸ்ப்ளே மட்டும் வரல."

கூலரைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பேஸ்ட்டைத் துடைத்தேன். விளக்குக்கு நேராகச் சாய்த்தபோது உலோக மூடியில் இருந்த எழுத்துகள் தெரிந்தன. மாடல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்'. அதன் கீழே 'க்யூ' எழுத்தில் தொடங்கும் நான்கெழுத்துக் குறி. கடைக்காரர் ஏமாற்றவில்லை. விற்பனைப் பக்கத்தில் மாடல் பெயருக்குப் பக்கத்திலேயே 'இ.எஸ்.' என்று போட்டிருந்தார். கே, எஃப் மாதிரி அதுவும் ஒரு வகை என்று தம்பி நினைத்துவிட்டார். இ.எஸ். என்றால் எஞ்சினியரிங் சாம்பிள், அதாவது சந்தைக்கு வருவதற்கு முன் சோதனைக்காகச் செய்த பீஸ்.

வேறொரு போர்டில் பழைய பயாஸை ஏற்றியபோது அது உயிர்பெற்றது. ஆனால் சிபியு-இசட் மென்பொருளில் பெயர் இருக்கும் இடத்தில் 'ஜெனுயின் இன்டெல் சிபியு 0000' என்றுதான் வந்தது. வேகமும் விற்பனைக்கு வந்த ஐ9 அளவுக்கு இல்லை. சொல்லித்தானே விற்றேன் என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார், அவர் சொன்னதும் உண்மைதான். அந்தத் தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நானும் வாங்கியிருக்கிறேன், இனியும் வாங்குவேன். ஆனால் பிராசஸர் கண்ணால் பார்த்துத் தரம் சொல்லக்கூடிய பொருள் இல்லை. புடவை என்றால் தடவிப் பார்க்கலாம், மாம்பழம் என்றால் முகர்ந்து பார்க்கலாம். இதைப் போர்டில் மாட்டி, மின்சாரம் கொடுத்து, ஒரு ராத்திரி ஓடவிட்டால்தான் தெரியும். அந்த ராத்திரி வருவதற்குள் பணம் கடல் தாண்டிப் போயிருக்கும்.

எதை வாங்கலாம்

பெரிய டேட்டா சென்டர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வர்களைக் கழித்துப் போடும். அதிலிருந்து கழற்றிய பிராசஸர்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும். 2016இல் வந்த ஜியான் இ5-2680 வி4 நல்ல உதாரணம். 14 கோர், 28 த்ரெட், 120 வாட். வெளியானபோது 1,700 டாலருக்கு மேல் விலை. இன்று அதே பீஸ் அந்த விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. இதில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. கழித்துப்போட்ட சரக்கு அளவுக்கு மிஞ்சிக் குவிந்ததால் விலை விழுந்தது.

பழைய பொருளில் எனக்குப் பயம் குறைந்தது பிராசஸர்தான். அதில் சுழலும் பாகம் இல்லை, தேய்ந்துபோக எதுவும் இல்லை. போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதைவிட முன்னால் படுத்துவிடும். அதனால் மேலே சொன்ன ஜியானைப் பழையதாக வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதற்கென்று சீனாவில் செய்து விற்கிற 'எக்ஸ்99' போர்டில்தான் தயக்கம். அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் பல போர்டுகளில் இருப்பது உண்மையான எக்ஸ்99 சிப்செட் அல்ல, வேறு பழைய போர்டிலிருந்து பிரித்தெடுத்தது. விண்டோஸ் விஷயமும் உண்டு. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டு ரெண்டரிங்குக்கோ வீட்டு சர்வருக்கோ வைத்துக்கொள்பவருக்குச் சரி. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு என்றால் வேண்டாம்.

பழையதில் பயமில்லை என்று சொன்னதற்கு ஒரு முக்கியமான விலக்கு இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள். 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போய், பிராசஸரே நாளடைவில் கெடுகிறது என்பதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு திருத்தத்தை வெளியிட்டது. பெட்டியோடு விற்ற பீஸ்களுக்கு வாரன்ட்டியை மேலும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. இரண்டு வருடம் யாரோ உழைக்கவிட்ட 13900கே ஒன்றை வெளிநாட்டிலிருந்து பெட்டியில்லாமல் வாங்கினால் அதன் உடம்புக்குள் என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இடமில்லை. இந்த இரண்டு தலைமுறையில் பழைய பீஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

போலி எப்படி இருக்கும்

போலி பிராசஸர் என்றால் யாரோ ரகசியத் தொழிற்சாலையில் புதிதாகச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிராசஸரை அப்படிச் செய்துவிட முடியாது. நடப்பது மூன்றே வகை. மலிவான பழைய பிராசஸரின் மூடியைச் சுரண்டி, லேசரில் விலையுயர்ந்த மாடல் பெயரைப் பொறிப்பது ஒன்று. உள்ளே சிலிக்கனே இல்லாத வெறும் கூடு இன்னொன்று. பெட்டி அசல், உள்ளிருப்பது வேறு என்பது மூன்றாவது. நல்ல பீஸை வாங்கி, பெட்டிக்குள் பழையதை வைத்துத் திருப்பி அனுப்பிப் பணத்தையும் வாங்கிக்கொள்வார்கள், அந்தப் பெட்டி அடுத்தவர் தலையில் விழும்.

2010 மார்ச்சில் அமெரிக்காவின் நியூஎக் இணையக் கடையிலிருந்து கோர் ஐ7-920 வாங்கிய பலருக்குப் போலி வந்தது. பெட்டியில் எழுத்துப் பிழை, பிளாஸ்டிக்கில் வார்த்த ஃபேன், பிராசஸர் இருக்கும் இடத்தில் ஓர் உலோகத் துண்டு. சுமார் 300 பெட்டிகள் என்று கடையே ஒப்புக்கொண்டது. 2017இல் ரைசன் 7 1700 பெட்டியைத் திறந்தவர்கள் சிலர் உள்ளே பார்த்தது, மேலே ரைசன் ஸ்டிக்கர் ஒட்டிய பழைய இன்டெல் செலரானை. 2024இல் ரைசன் 7 7800எக்ஸ்3டி என்று வந்த ஒன்றின் மூடியை ஜெர்மனியின் ஓவர்கிளாக்கர் ரோமன் ஹார்டுங் பிரித்துக் காட்டினார். உள்ளே சிப்பே இல்லை.

செலரான் கதையில் ஒரு பாடம் உண்டு. பெயரைப் பார்க்கும் முன் பிராசஸரைத் திருப்பிப் பாருங்கள். ஏஎம்4 சாக்கெட் ரைசனுக்கு அடியில் 1,331 ஊசிகள் இருக்கும். இன்டெலுக்கு ஊசி கிடையாது, தட்டையான தங்கப் புள்ளிகள்தான். ஏஎம்5 ரைசனும் இன்டெல் மாதிரி புள்ளிகள்தான். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து அந்த மாடலின் அடிப்பக்கப் படத்தை எடுத்து அருகில் வைத்துப் பாருங்கள். இன்டெல் பிராசஸரின் அடிப்பக்கத்தில் நடுவே இருக்கும் குட்டிக் குட்டிப் பாகங்கள் எந்த வரிசையில், எத்தனை இருக்கின்றன என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். மேல்மூடியில் எதை வேண்டுமானாலும் பொறிக்கலாம், அடிப்பக்கத்தை மாற்ற முடியாது.

எக்ஸ்3டி மாதிரி எல்லோரும் தேடும் புத்தம்புது மாடல் பாதி விலைக்கு வந்தால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: அது போலி. கழித்துப்போட்ட சர்வரிலிருந்து அது வந்திருக்க வாய்ப்பே இல்லை.

விற்பனைப் பக்கத்தின் எழுத்துகள்

இன்டெல் சரக்கில் கடைக்கு வரும் பீஸுக்கு 'எஸ்' எழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்கும். இ5-2680 வி4க்கு அது எஸ்ஆர்2என்7. இந்தக் குறியை இணையத்தில் தேடினால் எந்த மாடல் என்று வந்துவிடும். 'க்யூ'வில் தொடங்கினால் சாம்பிள். இ.எஸ். தொடக்க கால சாம்பிள், க்யூ.எஸ். கடைசிக் கட்ட சாம்பிள். க்யூ.எஸ். கிட்டத்தட்ட விற்பனைப் பீஸ் மாதிரியே ஓடும் என்பார்கள், பல நேரம் ஓடவும் செய்யும். ஆனால் இரண்டுமே சோதனைக்குக் கொடுத்த தன் சொத்து, விற்பனைக்கு உரியவை அல்ல என்பது இன்டெலின் நிலை. வாரன்ட்டி கிடையாது. இன்று ஓடுகிற போர்டில் அடுத்த பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. இயங்கும் மெஷினில் சாம்பிளை வைத்திருப்பவர் பயாஸ் அப்டேட் பக்கமே போகாமல் ஒதுங்குவார். அதனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் அவருக்குக் கிடைக்காமல் போகும்.

'ட்ரே' என்றால் பெட்டி, கூலர் இல்லாமல் மொத்தமாகத் தட்டில் வரும் பீஸ். பொருள் அசல்தான். ஆனால் பெட்டியோடு வாங்கினால் இன்டெலோ ஏஎம்டியோ நேரடியாகத் தரும் மூன்று வருட வாரன்ட்டி இதற்கு இல்லை, விற்றவரிடம்தான் போக வேண்டும். விற்றவர் ஷென்சனில் இருந்தால் அந்த வாரன்ட்டிக்கு என்ன மதிப்பு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். புதியது என்று போட்டிருக்கும் ட்ரே பீஸ் உண்மையில் புதியதா என்று அறிய ஓரங்களைப் பாருங்கள். சாக்கெட்டின் பிடி அழுத்திய இடத்தில், மூடியின் இரு பக்க விளிம்பிலும் மெல்லிய கோடு விழுந்திருந்தால் அது ஏற்கெனவே ஒரு போர்டில் உட்கார்ந்து எழுந்தது.

பூட்டுப் போட்ட பிராசஸர்

இது பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும்போது காலம் கடந்திருக்கும். ஏஎம்டியின் எபிக், த்ரெட்ரிப்பர் ப்ரோ, சில ரைசன் ப்ரோ பிராசஸர்களில் 'பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட்' என்றொரு வசதி உண்டு. சர்வர் நிறுவனம் அதை இயக்கினால், அந்த நிறுவனத்தின் போர்டில் பிராசஸர் முதல்முறை ஓடும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய ஃப்யூஸ்கள் எரிந்து, நிறுவனத்தின் சாவி நிரந்தரமாகப் பதிந்துவிடும். எரிந்த ஃப்யூஸைத் திரும்ப ஒட்ட முடியாது. பிறகு அந்தப் பிராசஸர் அதே நிறுவனத்தின் போர்டில் மட்டும்தான் ஓடும், வேறு போர்டில் வெறும் உலோகத் துண்டு. டெல் சர்வர்களில் ஓடிய எபிக் பிராசஸர்களிலும், லெனோவோவின் திங்க்ஸ்டேஷன் பி620இல் ஓடிய த்ரெட்ரிப்பர் ப்ரோவிலும் இது நடப்பது ஊரறிந்த விஷயம்.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் பத்து வருடம் உழைக்கக்கூடிய ஒரு பிராசஸர் இரண்டாம் கைக்குப் போகும்போது பாதி உலகத்துக்குப் பயனற்றதாகிவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வாங்குபவருக்கு அதைச் சொல்ல மூடியில் ஒரு புள்ளிகூட இல்லை என்பது அதைவிட மோசம்.

ஆகவே இந்த வகையை வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: "எந்த நிறுவனத்தின் போர்டிலிருந்து கழற்றியது? வெண்டர் லாக் இருக்கிறதா?" 'அன்லாக்ட்' என்று பொதுவாகப் பதில் வந்தால் விடாதீர்கள். வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதற்கும் அதே சொல்லைத்தான் போடுவார்கள். 'வெண்டர் லாக் இல்லை, சூப்பர்மைக்ரோ மாதிரி பொதுப் போர்டில் சோதித்தேன்' என்று அவர் எழுதியிருக்க வேண்டும். பிறகு சண்டை வந்தால் அந்த ஒரு வரிதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

வாரன்ட்டி எந்த ஊரில்

பெட்டியோடு, முத்திரையோடு, அசலாகவே வாங்கினாலும் வாரன்ட்டி உங்கள் ஊரில் செல்லும் என்பதில்லை. 2016 ஏப்ரலில் இன்டெல் இந்தியாவுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. இந்தியாவின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக வந்த பெட்டிப் பிராசஸருக்குத்தான் இங்கே வாரன்ட்டி, வெளியில் வாங்கியதற்கு வாங்கிய நாட்டில்தான் போய்க் கேட்க வேண்டும் என்பது அதன் சாரமாக இருந்தது. இதை எதிர்த்து ஒரு வியாபார நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட, 2019 ஆகஸ்டில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2024இல் இன்டெல் அந்த விதியை விலக்கிக்கொண்டது. இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். வாங்கும் அன்று நிறுவனத்தின் இந்திய வாரன்ட்டிப் பக்கத்தைத் திறந்து படித்து, அதைப் படமெடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மாமாவிடம் சொல்லி வாங்கிவரச் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். பில் அவர் பெயரில் இருந்தால், திருப்பிக் கொடுக்கவும் அவர்தான் நடக்க வேண்டியிருக்கும்.

உண்மையான விலை

திரையில் தெரியும் விலையைச் சென்னை ரிச்சி தெரு விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். 20,000 ரூபாய் பிராசஸர், 1,500 ரூபாய் கூரியர் என்று வைத்துக்கொள்வோம். முறையான இறக்குமதியில் பிராசஸருக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை பூஜ்யம்தான், ஆனால் 18 சதவீத ஐஜிஎஸ்டி உண்டு. அது கூரியர் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்காகும். 21,500க்கு 3,870 ரூபாய். கார்டுக்கு வங்கி 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் போட்டால், அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து 890 ரூபாய் அளவுக்கு வரும். ஆக 26,260. இதற்கு மேல் சுங்க வேலைக்கென்று கூரியர் நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கும். தனிநபர் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்யும் பொருள் என்ற தலைப்பில் கூரியர்காரர் பதிந்துவிட்டால் தீர்வை விகிதமே வேறு. இங்கே அதே பிராசஸர் பில்லோடும் மூன்று வருட வாரன்ட்டியோடும் 28,000க்குக் கிடைக்கிறது என்றால், நீங்கள் மிச்சம் பிடிப்பது ஆயிரத்துச் சொச்சம். அந்த ஆயிரத்துக்காக இவ்வளவு ஆபத்தையும் சுமக்கலாமா என்பதுதான் கேள்வி.

"கிஃப்ட் என்று போட்டுவிடுகிறேன், பத்து டாலர் என்று எழுதிவிடுகிறேன்" என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். சம்மதிக்காதீர்கள். பரிசுப் பொருளுக்கு இருந்த தீர்வை விலக்கை இந்தியா 2019 டிசம்பரில் எடுத்துவிட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விட்டுவைத்தது. பத்து டாலர் விலையைச் சுங்க அதிகாரி நம்பாமல் பணம் கட்டிய ஆதாரத்தைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், ஏனென்றால் ஆதாரும் பான் எண்ணும் உங்களுடையது. வழியில் பார்சல் தொலைந்தாலும் பத்து டாலருக்குத்தான் இழப்பீடு.

பணமும் முகவரியும்

அலிஎக்ஸ்பிரஸ் செயலியை 2020 நவம்பரில் இந்திய அரசு தடைசெய்தது. அதற்குப் பிறகு பலர் இடைத்தரகர் வழியாக வாங்குகிறார்கள். அவர் சீனாவில் ஒரு கிடங்கு முகவரி தருவார், பொருள் அங்கே போய், அங்கிருந்து உங்களுக்கு வரும். இதில் இருக்கும் பள்ளம் பலர் கண்ணுக்குப் படுவதில்லை. கிடங்கில் பார்சல் இறங்கிய நொடியில் பொருள் ஒப்படைக்கப்பட்டது என்று கணக்கு முடிந்துவிடும். ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதமும் இப்படி வேறு முகவரிக்கு மறுபடி அனுப்பிய பொருளுக்குச் செல்லாது. பெட்டியைத் திறந்து போலி என்று நீங்கள் கத்தும்போது, வழியில் யார் மாற்றினார்கள் என்று கடைக்காரர் கேட்பார். பதில் இருக்காது.

நேரடியாக உங்கள் வீட்டுக்கு அனுப்பும் கடையில் மட்டும், கிரெடிட் கார்டிலோ பேபாலிலோ பணம் கட்டுங்கள். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் எழுப்பலாம். ஈபேயில் பொருள் கைக்கு வந்த 30 நாள்தான். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால், விலை இன்னும் குறைவு என்று சொன்னாலும், அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்த அன்று

பிரிக்கும் முன் போனை நிலையாக நிறுத்தி வீடியோவை ஓடவிடுங்கள். பார்சலின் ஆறு பக்கமும், எடை எழுதிய லேபிளும் தெரிய வேண்டும். வெட்டுவது, எடுப்பது, திருப்பிக் காட்டுவது எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒரே வீடியோவாக இருக்கட்டும். ஏஎம்4 பிராசஸர் என்றால் ஊசிகளைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வரிசை வரிசையாகப் பாருங்கள். நேராக நடப்பட்ட நாற்று மாதிரி ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும் மாட்டாதீர்கள், படமெடுத்து முதலில் கடைக்காரருக்கு அனுப்புங்கள். லெட் பென்சிலின் காலி நுனியை ஊசியில் செருகி மெதுவாக நிமிர்த்தலாம்தான், நானே நூறு முறை நிமிர்த்தியிருக்கிறேன். ஆனால் நீங்கள் கைவைத்த பிறகு பழி உங்கள் மேல் வரும்.

மாட்டும் முன் போர்டின் பயாஸ் அந்த மாடலை ஏற்கும் பதிப்புதானா என்று பாருங்கள். நல்ல பிராசஸரைக் கெட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

ஓடிவிட்டால் சிபியு-இசட்டில் பெயர், கோர் எண்ணிக்கை, கேஷ் அளவு மூன்றையும் நிறுவனத்தின் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கடைக்காரர் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் மெஷினில் உங்கள் கையால் இறக்கிய மென்பொருளில் பாருங்கள். இன்டெல் என்றால் இன்டெலே இலவசமாகத் தரும் பிராசஸர் டயக்னாஸ்டிக் டூலை ஓட்டுங்கள். மூடியில் இருக்கும் பேட்ச் எண்ணையும் சீரியல் எண்ணையும் இன்டெலின் வாரன்ட்டிப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். பிறகு ராத்திரி முழுக்க ரெண்டரிங்கோ, பெரிய ஃபைல் சுருக்குவதோ ஏதாவது கனமான வேலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மெஷின் உறையாமல், தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். "இன்னும் பத்து நாள் பொறுங்கள், மாற்றி அனுப்புகிறேன்" என்பது புகார் நாளைக் கடத்துவதற்கான பழைய வழி. அந்த இணையதளத்தின் புகார்ப் பக்கத்திலேயே எழுதுங்கள், வீடியோவை அங்கேயே ஏற்றுங்கள். புகாரை நீங்களே மூடினால் பணம் தருகிறேன் என்றால் மூடாதீர்கள், பணம் கணக்கில் ஏறிய பிறகு மூடிக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தாலும், பார்சல் வந்த கவர், லேபிள், சுங்க ரசீது மூன்றையும் ஆறு மாதத்துக்கு அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்திருங்கள்.